உஷார்! வைஃபை இருக்கு, நெட் இல்லை... அடுத்த போன் யாருக்கு?

லேப்டாப்பின் வலது மூலையில் வைஃபை சின்னம் இருந்த இடத்தில் ஒரு உலக உருண்டை வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதைத் தொட்டால் ‘நோ இன்டர்நெட்’ என்கிறது. பாஸ்வேர்ட் சரி, சிக்னலும் முழுசாக இருக்கிறது, ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. பத்து மணிக்கு ஆபீஸ் மீட்டிங். அல்லது மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்கு இன்றே கடைசி நாள். இந்தப் பதற்றத்தில் பலரும் செய்யும் முதல் காரியம், மொபைலை எடுத்து, ப்ராட்பேண்ட் கம்பெனியின் பெயரோடு ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று சேர்த்து கூகுளில் தேடுவது.

தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். நெட் போனது சின்னப் பிரச்னை. அந்தத் தேடலில் மேலே வந்து நிற்கும் எண் யாருடையது என்பதுதான் பெரிய பிரச்னை.

போலி கஸ்டமர் கேர் எண்களை இணையத்தில் தூவி வைத்துக் காத்திருப்பது இந்த நாட்டில் பழைய தொழில். கூகுள் மேப்ஸில் வங்கிக் கிளையின் தொலைபேசி எண்ணைத் திருத்தித் தங்கள் எண்ணைப் போட்டு ஏமாற்றிய புகார்கள் 2018-லேயே மகாராஷ்டிரக் காவல்துறைக்குப் போயின. வங்கிக்குச் செய்தவர்கள் ப்ராட்பேண்டுக்குச் செய்ய மாட்டார்களா? இதில் அவர்களுக்கு இன்னும் வசதி. அவர்கள் உங்களைத் தேடி வரவேண்டியதில்லை. நீங்களே கூப்பிடுகிறீர்கள், அதுவும் அவசரத்தில். நாமே கூப்பிட்ட ஆளை நாம் சந்தேகப்படுவதில்லை.

பேச்சு எப்படிப் போகும் என்று பாருங்கள்.

“வணக்கம் சார், உங்க கம்ப்ளெய்ன்ட் என்ன சார்?”

“வைஃபை கனெக்ட் ஆவுது, ஆனா நெட் வரலைங்க.”

“ஓகே சார், லைன்ல இருங்க, செக் பண்றேன்... ஆமா சார், உங்க ஏரியால சர்வர் அப்டேட் போயிட்டிருக்கு. உங்க ஐடி ரீ-ஆக்டிவேட் பண்ணணும். பத்து ரூபா மட்டும் ஆன்லைன்ல கட்டணும் சார், அதுவும் அடுத்த பில்லுல கழிஞ்சிரும்.”

பத்து ரூபாய்தானே! அங்கேதான் பிடி. அடுத்து, “உங்களுக்குச் சிரமம் வேணாம் சார், நானே செஞ்சு தர்றேன். ப்ளே ஸ்டோர்ல எனிடெஸ்க்னு ஒரு ஆப் இருக்கும், போடுங்க. அதுல ஒரு நம்பர் வரும், சொல்லுங்க” என்பார். அந்த நம்பரைச் சொல்லி, திரையில் கேட்கும் அனுமதிக்கெல்லாம் ‘அலோ’ கொடுத்துவிட்டால் உங்கள் மொபைல் திரை அப்படியே அவர் திரையில் தெரியும். நீங்கள் பத்து ரூபாய் கட்ட யுபிஐ செயலியைத் திறப்பதையும், வந்து விழும் ஓடிபியையும் அவர் நேரலையில் பார்த்துக்கொண்டிருப்பார். சிலர் வாட்ஸ்அப்பில் ‘சப்போர்ட்’ என்ற பெயரில் ஏபிகே கோப்பு ஒன்றை அனுப்புவார்கள். அது இன்னும் மோசம். உங்களுக்கு வரும் எஸ்எம்எஸ்களைச் சத்தமில்லாமல் அவர்களுக்குக் கடத்திவிடும்.

எனிடெஸ்க்கைக் குற்றம் சொல்லவில்லை. அது தொலைவிலிருந்து கணினியைச் சரிசெய்ய ஐடி ஆட்கள் தினமும் பயன்படுத்தும் நியாயமான கருவி. ஆனால் அதை வைத்து யுபிஐ மோசடி நடக்கிறது என்று 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளை எச்சரித்துவிட்டது. அதன்பிறகு செயலியின் பெயர்கள் மாறினவே தவிர, தந்திரம் மாறவில்லை.

ஒன்றை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். உண்மையான ப்ராட்பேண்ட் கம்பெனிக்கு உங்கள் மொபைல் திரை தேவையே இல்லை. ஃபைபர் இணைப்பு என்றால் உங்கள் வீட்டு மோடம் உயிரோடு இருக்கிறதா, அதற்கு எவ்வளவு வெளிச்சம் வந்து சேர்கிறது என்பதையெல்லாம் அவர்கள் அலுவலகத்தில் உட்கார்ந்தே பார்க்க முடியும். அதிலும் தெரியவில்லை என்றால் ஆள் அனுப்புவார்கள். ‘உங்கள் போனில் இந்த ஆப்பைப் போடுங்கள், நான் ரீசார்ஜ் செய்து தருகிறேன்’ என்றால் அந்தக் கணமே வைத்துவிடுங்கள். மரியாதை பார்க்காதீர்கள்.

சரி, பிறகு என்னதான் செய்வது? முதலில் அந்தச் செய்தி என்ன சொல்கிறது என்று புரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் அடங்கிவிடும். ‘வைஃபை கனெக்டட்’ என்றால் லேப்டாப்புக்கும் ரூட்டருக்கும் இடையே உள்ள தொடர்பு சரி, அவ்வளவுதான். ரூட்டருக்கு வெளியே இருந்து நெட் வருகிறதா என்பது வேறு சங்கதி. குழாய் நன்றாகத்தான் இருக்கிறது, மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஆகவே கோளாறு ரூட்டருக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா என்று பிரித்துவிட்டால் வேலை சுளுவாகிவிடும்.

அதற்கு அதே வைஃபையில் மொபைலை இணைத்து ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். ஆனால் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள்! இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வைஃபையில் நெட் இல்லை என்று தெரிந்ததும் இன்றைய போன்கள் பலவும் சொல்லாமல் கொள்ளாமல் சிம் டேட்டாவுக்குத் தாவிவிடும். ‘போன்ல வருதே, அப்ப லேப்டாப்தான் கெட்டுப்போச்சு’ என்று தவறான முடிவுக்கு வந்து, நல்ல லேப்டாப்பைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

டேட்டாவை அணைத்தும் மொபைலிலும் வரவில்லை என்றால் லேப்டாப்மேல் குற்றமில்லை. மோடத்தைப் பாருங்கள். ஃபைபர் மோடத்தில் ‘எல்ஓஎஸ்’ என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ ஃபைபரில் வெளிச்சம் வந்து சேரவில்லை என்று பொருள். எங்கோ கேபிள் அறுந்திருக்கலாம், மடங்கியிருக்கலாம், மோடத்தின் பின்னால் செருகி கழன்றிருக்கலாம். செருகி சரியாக இருந்தால், நீங்கள் உள்ளே எதை மாற்றினாலும் சரியாகாது. லைன்மேன்தான் வரவேண்டும். சிவப்பு இல்லை, ‘பான்’ விளக்கு பச்சையாக நிற்கிறது, ஆனால் ‘இன்டர்நெட்’ விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் பிளான் முடிந்திருக்கலாம். பில் கட்டாவிட்டாலும் வைஃபை என்னவோ ஜம்மென்று இணையும், நெட்தான் வராது. கம்பெனியின் செயலியை நீங்கள் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தால் மொபைல் டேட்டாவில் அதைத் திறந்து தேதியைப் பாருங்கள். ‘பில் பாக்கி, இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும்’ என்று லிங்க்கோடு வரும் எஸ்எம்எஸ்ஸைத் தொட்டுக் கட்டாதீர்கள்.

இரண்டும் இல்லை என்றால் மோடத்தின் பவரை அணைத்து, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி போடுங்கள். விளக்குகள் எல்லாம் நிலைக்கச் சில நிமிடம் பிடிக்கும். கேலிக்குரிய வைத்தியம் போலத் தெரிந்தாலும் இதில் குணமாவது ஏராளம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மோடத்தின் பின்னால் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு சின்னத் துளை இருக்கும். ‘ரீசெட்’ என்று போட்டிருக்கும். ‘ரீஸ்டார்ட்தானே’ என்று அதில் ஊசியைக் குத்தி அழுத்திவிடாதீர்கள். அது மோடத்தைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுபோய்விடும். கம்பெனிக்காரர் நிறுவும்போது உள்ளே போட்டு வைத்த யூசர்நேம், பாஸ்வேர்ட், மற்ற அமைப்புகள் எல்லாம் அழிந்துபோகலாம். அரை மணி நேரத்தில் தானாக வந்திருக்கக்கூடிய நெட், டெக்னீஷியன் வரும்வரை வராது.

இனி அடுத்த பக்கம். மொபைலில் வைஃபை வழியே நெட் நன்றாக வருகிறது, லேப்டாப்பில் மட்டும் இல்லை. பெரும்பாலும் வைஃபை நெட்வொர்க்கை ‘ஃபர்கெட்’ கொடுத்து மறுபடி பாஸ்வேர்ட் போட்டு இணைத்து, லேப்டாப்பை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் தீர்ந்துவிடும். தீரவில்லையா? வைஃபையின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பக்கத்தில் ஐபிவி4 முகவரி என்று ஒரு எண் இருக்கும், அதைப் பாருங்கள். வீட்டு வைஃபையில் அது 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் ரூட்டர் முறையாக முகவரி கொடுத்திருக்கிறது. 169.254 என்று தொடங்கினால் ரூட்டர் கொடுக்கவில்லை, கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய் விண்டோஸ் தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். அந்த முகவரியை வைத்துக்கொண்டு வெளி உலகத்துக்குப் போக முடியாது. ரூட்டரையும் லேப்டாப்பையும் அணைத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகும். ஐபி ‘மேனுவல்’ என்று இருந்தால் ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்குங்கள்.

விபிஎன் போட்டிருந்தால் அதை அணைத்துப் பாருங்கள். சில விபிஎன்கள் தங்கள் இணைப்பு அறுந்தால் மொத்த நெட்டையும் பூட்டிவிடும். அது கோளாறு இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கடிகாரத்தையும் பாருங்கள். பழைய லேப்டாப்களில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோனால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். ஒவ்வொரு பாதுகாப்பான தளத்துக்கும் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும் என்று ஒரு சான்றிதழ் உண்டு. உங்கள் லேப்டாப்பின் தேதி அந்த எல்லைக்கு வெளியே இருந்தால் பிரவுசர் ஒன்றையும் திறக்காது. தேதியைத் திருத்தினால் அந்த நொடியே திறக்கும்.

சில சமயம் நெட் நன்றாக வந்துகொண்டே இருக்கும், மூலையில் மட்டும் ‘நோ இன்டர்நெட்’ நிற்கும். விண்டோஸ் தன் கம்பெனியின் முகவரி ஒன்றிலிருந்து ‘மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்’ என்று மட்டும் எழுதிய ஒரு குட்டிக் கோப்பை எடுத்துப் பார்த்துத்தான் நெட் இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்கிறது. விபிஎன்னோ விளம்பரத் தடுப்பானோ அதை மறித்தால் பொய்யாகச் சொல்லும். தளங்கள் திறக்கின்றன என்றால் அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

இதுவரை சொன்னவை தொல்லைகள். இனிச் சொல்லும் இரண்டு இடங்களில் வேறு கதை இருக்கலாம்.

ஒன்று, ப்ராக்ஸி. செட்டிங்ஸில் ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’டுக்குள் ‘ப்ராக்ஸி’ என்று ஒரு பக்கம் உண்டு. வீட்டு லேப்டாப்பில் ‘யூஸ் எ ப்ராக்ஸி சர்வர்’ என்பது ஆஃப் ஆகத்தான் இருக்கவேண்டும். நீங்கள் போடாமலே ஆன் ஆகி, 127.0.0.1 என்றோ தெரியாத எண்ணோ இருந்தால், யாரோ உங்கள் நெட்டைத் தங்கள் வாசல் வழியாகத் திருப்பியிருக்கிறார்கள். இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்த வேண்டாத விருந்தாளியாக இருக்கலாம். அதை நீக்கும்போது ப்ராக்ஸியை மட்டும் விட்டுவிட்டுப் போனதால் இப்போது நெட் வராமல் இருக்கலாம். ஆஃப் செய்துவிட்டு வைரஸ் ஸ்கேன் ஓட்டுங்கள். ஆபீஸ் லேப்டாப் என்றால் கை வைக்காதீர்கள், அங்கே ப்ராக்ஸியை அவர்களே போட்டிருப்பார்கள்.

இரண்டாவது, டிஎன்எஸ். தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றிக் கொடுப்பது இதன் வேலை. இது படுத்தால் வைஃபை இருக்கும், நெட்டும் இருக்கும், ஆனால் எந்தத் தளமும் திறக்காது. கமாண்ட் ப்ராம்ப்ட்டில் பிங் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு 8.8.8.8 என்று போடுங்கள். பதில் வருகிறது, ஆனால் தளங்கள் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ்மேல்தான் முதல் சந்தேகம். வைஃபை ப்ராப்பர்ட்டீஸில் டிஎன்எஸ் ‘மேனுவல்’ என்று இருந்து, அதை நீங்களோ உங்கள் ஆபீஸோ போடவில்லை என்றால் கலவரப்பட வேண்டிய விஷயம். உடனே ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்கிவிட்டு முழு ஸ்கேன் ஓட்டுங்கள்.

மிகைப்படுத்தவில்லை. டிஎன்எஸ்சேஞ்சர் என்ற தீநிரல் 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் 40 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளில் இதைத்தான் செய்தது. பெயர் கேட்டால் முகவரி தரும் அந்த வேலையைக் கும்பல் தன் சர்வருக்கு மாற்றிக்கொண்டு, மக்களைத் தான் விரும்பிய தளங்களுக்கும் விளம்பரங்களுக்கும் திருப்பிவிட்டு, குறைந்தது 1.4 கோடி டாலர் பார்த்தது. 2011 நவம்பரில் எஸ்டோனியாவில் 6 பேர் கைதானார்கள். கும்பலின் சர்வர்களை அப்படியே அணைத்தால் லட்சக்கணக்கான பேருக்கு நெட் போய்விடுமே என்று, அமெரிக்க நீதிமன்ற உத்தரவின்பேரில் அந்த இடத்தில் சுத்தமான சர்வர்களை வைத்துச் சில மாதம் ஓட்டினார்கள். 2012 ஜூலை 9 அன்று அவையும் அணைக்கப்பட்டன. அதுவரை தங்கள் கணினியைச் சுத்தம் செய்யாதவர்கள் அன்று பார்த்தது இதே காட்சிதான்: இணைப்பு இருக்கிறது, ஒரு தளமும் திறக்கவில்லை. அவர்களுடைய கணினி அதற்கு வெகுநாள் முன்பே களவு போயிருந்தது. நெட் நின்றபோதுதான் பலருக்கு விஷயமே தெரிந்தது.

ரூட்டரும் தப்பாது. 2017 ஜூலையில் பிஎஸ்என்எல், எம்டிஎன்எல் வாடிக்கையாளர்களின் மோடம்கள் ஆயிரக்கணக்கில் ஒரு தீநிரல் தாக்குதலில் முடங்கின. வழி எது? மோடத்தோடு வந்த ‘அட்மின்’ என்ற யூசர்நேமும், அதே ‘அட்மின்’ என்ற பாஸ்வேர்டும். யாரும் மாற்றவில்லை. பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று பிஎஸ்என்எல் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. வைஃபை பாஸ்வேர்ட் வேறு, ரூட்டருக்குள் நுழையும் இந்த அட்மின் பாஸ்வேர்ட் வேறு. முதலாவதை மாற்றிவிட்டு இரண்டாவதை மறந்த வீடுகள் இன்றும் நிறைய இருக்கின்றன.

இன்னொரு கண்ணி. ‘நெட்வொர்க் எரர்! சரிசெய்ய இங்கே அழுத்தவும்’ என்று ஒரு பக்கம் வரும். அழுத்தினால், விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்து, பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர் என்று படிப்படியாகச் சொல்லும். நீங்கள் அறியாமலே ஒரு கட்டளை உங்கள் கிளிப்போர்டில் ஏறியிருக்கும். நீங்களே அதை ஒட்டி, நீங்களே ஓட்டி, உங்கள் கையாலேயே தீநிரலை இறக்கிக்கொள்வீர்கள். ‘கிளிக்ஃபிக்ஸ்’ என்று பேர் வாங்கிய இந்த உத்தி 2024-லிருந்து பரவலாக நடக்கிறது. உண்மையான எந்தப் பிழைச் செய்தியும் உங்களை ரன் பெட்டியைத் திறந்து கட்டளையை ஒட்டச் சொல்லாது. சொன்னால் அது திருடன். ‘டிரைவர் அப்டேட்டர்’ என்று பல்லிளிக்கும் இலவச மென்பொருள்களையும் தொடாதீர்கள். வைஃபை டிரைவர் வேண்டுமென்றால் லேப்டாப் தயாரித்த கம்பெனியின் தளத்துக்கு நேராகப் போங்கள். விண்டோஸிலேயே இருக்கும் ‘நெட்வொர்க் ரீசெட்’டைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் அதில் மறந்துபோகும், விபிஎன்னையும் மறுபடி அமைக்க நேரலாம்.

வீட்டில் நெட் இல்லை என்றதும் பூட்டில்லாத ஏதோ ஒரு வைஃபையில் புகுந்துவிடுவோம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரயில் நிலையம், விமான நிலையம், ஓட்டல் வைஃபைகளில் இணைந்தவுடன் நெட் வராது. ஒரு லாகின் பக்கம் வரவேண்டும், அதில் மொபைல் எண் கொடுத்து ஓடிபி போடவேண்டும். அந்தப் பக்கம் திறக்காததால்தான் பலருக்கு ‘நோ இன்டர்நெட்’ தெரிகிறது. அது கோளாறில்லை. ஆனால் அந்தப் பக்கம் உங்கள் ஜிமெயில் பாஸ்வேர்டையோ ஃபேஸ்புக் பாஸ்வேர்டையோ கேட்டால் எழுந்து ஓடிவிடுங்கள். ஆஸ்திரேலியாவில் விமான நிலையங்களிலும் உள்நாட்டு விமானங்களிலும் அசலைப் போலவே பெயர் வைத்த போலி வைஃபையைக் கைக்கடக்கமான கருவி ஒன்றால் பரப்பி, இப்படித்தான் லாகின் விவரங்களைத் திருடினார் என்று ஒருவர்மேல் 2024-ல் அந்நாட்டுக் கூட்டாட்சி போலீஸ் வழக்குப் போட்டது. விமானத்தில் சந்தேகத்துக்குரிய வைஃபை ஒன்று தெரிகிறதே என்று விமான ஊழியர்கள் கவனித்ததில் தொடங்கிய விசாரணை அது. பொது வைஃபையில் தேதி சரியாக இருந்தும் ‘யுவர் கனெக்ஷன் இஸ் நாட் பிரைவேட்’ என்று பிரவுசர் கத்தினால், ‘அட்வான்ஸ்ட்’ போய் ‘ப்ரொசீட்’ அழுத்தாதீர்கள். அவசரம் என்றால் உங்கள் மொபைலின் ஹாட்ஸ்பாட்டே போதும்.

அத்தனையையும் மீறி மாட்டிக்கொண்டீர்கள், பணம் போய்விட்டது என்றால்? வெட்கப்பட்டு உட்கார நேரமில்லை. அந்த மொபைலில் டேட்டாவையும் வைஃபையையும் அணையுங்கள். வேறு போனிலிருந்து 1930-ஐக் கூப்பிடுங்கள். சைபர் நிதி மோசடிக்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு தூரம், பணம் கைமாறிப் போவதற்குள் நடுவில் எங்காவது முடக்கி வைக்க வாய்ப்பு இருக்கிறது. சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் புகாரைப் பதியுங்கள். வங்கிக்கும் உடனே சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணத்துக்கு அவரே பொறுப்பு என்றாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பு வங்கியின் பொறுப்பு. ஒவ்வொரு நிமிடத் தாமதமும் உங்கள் கணக்கில்தான் எழுதப்படும்.

எனக்கு அதிகக் கவலை தருவது, பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, வீட்டில் தனியாக இருக்கும் பெற்றோர்தான். சாயங்காலம் பேரனோடு வீடியோ காலில் பேசவேண்டும், நெட் இல்லை. அந்தத் தவிப்பில் யார் என்ன சொன்னாலும் செய்வார்கள். ஆகவே நெட் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்றைக்கே இதைச் செய்யுங்கள். ப்ராட்பேண்ட் பில்லில் அச்சிட்டிருக்கும் வாடிக்கையாளர் சேவை எண், கணக்கு எண், உங்கள் பகுதி லைன்மேனின் எண், கூடவே 1930. நான்கையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி மோடத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். ‘இதில் இல்லாத நம்பருக்குப் பேசக்கூடாது, எந்த ஆப்பையும் போடக்கூடாது’ என்று அம்மா அப்பாவிடம் சொல்லி வையுங்கள். ஊருக்கு அடுத்த முறை போகும்போது என்று தள்ளிப்போடாமல், இன்றே போன் போட்டு எழுதச் சொல்லுங்கள்.